ஊதாத விசில்கள்

முதல் சம்பளம் மூன்று பவுண்டு,
கூடவே உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்த பை ஒன்று.
ஹாலிஃபாக்ஸ் மேட்டில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்,
நாய்க்கழிவை நானே வாரிப்போட்டுத்
தொடங்கிவைத்த ஆட்டம்.
பதினோராம் நிமிடத்தில்
ஒருவன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.
அம்மா எல்லைக்கோட்டருகேதான் நின்றிருந்தாள்,
பிளாஸ்க் மூடியில் தேநீரோடு.
"அவன் சொன்னதில் பாதி சரி" என்றாள் திரும்பும் வழியில்.
எந்தப் பாதி என்று கடைசிவரை சொல்லவில்லை.

வாரநாட்களில் கேஸ் மீட்டர் கணக்கெடுத்தேன்.
அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான்:
அழைக்காத வீட்டுக்குள் நுழைந்து
பிடிக்காத எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவது.

சனிக்கிழமை கறுப்புச் சட்டை.
இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம்.
மஞ்சள் மார்புப் பையில், சிவப்பு பின்பையில்,
கோபத்தில் கை மாறிவிடக் கூடாதென்று.
உறைபனிக் காலைகளில்
பந்தைத் தோளுயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பேன்.
பாறையில் விழுந்ததுபோல் எகிறினால்
எட்டாயிரம் பேரின் சனிக்கிழமை அங்கேயே முடிந்தது.

நான்காம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன்,
ஏணி ஏணியாக ஏறினேன்.
பாம்பு இருந்த கட்டத்தின் பெயர் வெதர்கேட்.
மழை. எண்பத்தெட்டாம் நிமிடம்.
மூன்று முதுகுகளுக்கு அப்பால்
பந்து ஒரு கையில் பட்டிருக்கிறது.
நான் கோல் என்றேன்.
ஓர் ஊர் ஒரு படி கீழே இறங்கியது,
ஒரு மேலாளருக்கு வேலை போயிற்று,
என் காரின் நான்கு சக்கரத்திலும் காற்று போயிற்று.
பம்பு கொண்டுவந்த போலீஸ்காரர்
குனிந்தபடியே கேட்டார்: "நிஜமாகவே பார்க்கவில்லையா?"
இன்றும் இறைச்சிக் கடை வரிசையில் யாராவது கேட்கிறார்கள்.
இல்லை என்கிறேன்.
அதைவிடச் சின்ன சொல் இருந்தால் அதைச் சொல்வேன்.

யாரும் கேட்காதது ஒன்று உண்டு.
விதிப்புத்தகத்தில் சாதகம் என்று ஒரு சொல்.
தவறு நடந்தது. நீ பார்த்தாய்.
ஆனாலும் ஊதாதே.
அடிபட்டவன் பக்கம் வழி திறந்திருந்தால்
இரு கைகளையும் முன்னே வீசி, போ, போ என்று விடு.
விசில் உதட்டில், மூச்சு தொண்டையில்,
இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று.
அந்த மூன்று நொடிக்காகத்தான்
இருபத்தேழு வருடம் ஓடினேன் என்று நினைக்கிறேன்.

ஒரு செவ்வாய் இரவு, கிழக்குக் கடலோர ஊரில்,
பிக்கடைக் என்றொரு ஒல்லிப் பையன்.
கணுக்காலில் உதை. தடுமாறினான், விழவில்லை.
நான் கைகளை வீசினேன்.
அரங்கம் என்னைத் திட்டத் தொடங்கியது.
திட்டி முடிப்பதற்குள்
அவன் இன்னும் இருவரைத் தாண்டி
வலையின் மேல்மூலையைக் குலுக்கிவிட்டான்.
வசவு பாதிச் சொல்லில் நின்று
கூவலாகப் புரண்டது.
ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.
மறுநாள் செய்தித்தாளில் என் பெயர்
அடியில், பொடி எழுத்தில், பிழையாக.
நான் வெட்டி வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

பெரில் சொல்வாள், வீட்டில் நீ எல்லாவற்றுக்கும் ஊதுகிறாய் என்று.
மூடாத ஜாம் பாட்டில், ஐந்து நிமிடத் தாமதம்,
மகன் கூட்டிவந்த பெண்.
ஒரு நவம்பரில் தங்கை வீட்டுக்குப் போனவள்
ஏப்ரலில் திரும்பினாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கெட்டிலில் இருவருக்குத் தண்ணீர் வைத்தேன்.
அவளும் எதையோ
பார்த்தும் ஊதாமல் விட்டிருக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு வயதில் போதும் என்று கடிதம் வந்தது.
கடைசி ஆட்டத்தில் ஒரு நிமிடம் அதிகம் கொடுத்தேன்.
இரண்டு மேலாளர்களும் கையை விரித்தார்கள்.
காயம், மாற்று ஆட்டக்காரர், நேரக் கடத்தல் என்றேன்.
காயமும் இல்லை, கடத்தலும் இல்லை.
விளக்குகளின் கீழே புல்லிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.
இரண்டு கடிகாரமும் சரியாகத்தான் ஓடின.